மதுரையிலிருந்து துபாய் பக்கமா, சிங்கப்பூர் பக்கமா?

கேள்வி: மகளுக்குப் பேறுகாலம், லண்டன் போகவேண்டும். துபாய் வழியாக டிக்கெட் பார்க்கிறோம். மதுரையில் பகல் 12 மணிக்கு ஏறினால் 2.30-க்கெல்லாம் துபாயில் இறங்கிவிடலாம் என்கிறான் தம்பி. அவன் மகன் அதே நேரத்துக்கு சிங்கப்பூர் விமானம் ஏறியபோது இறங்க மாலை 6.45 ஆகிவிட்டதாம். துபாய் அவ்வளவு பக்கமா? அங்கே போய் லண்டன் போவது சுற்றுவழி இல்லையா? எனக்கு முழங்கால் வலி வேறு.
— வாசகி, உசிலம்பட்டி

பதில்: துபாய் பக்கமில்லை அம்மா. மதுரையிலிருந்து துபாய் சுமார் 2,950 கி.மீ., சிங்கப்பூர் சுமார் 3,010 கி.மீ. இரண்டுக்குமே ஏறக்குறைய நாலு மணி நேரப் பயணம்தான். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். தம்பி சொன்ன 2.30-உடன் ஒன்றரையைக் கூட்டுங்கள், 6.45-இல் இரண்டரையைக் கழியுங்கள். கணக்கு சரியாகிவிடும்.

காற்றும் இதில் புகுந்து விளையாடும். ஆடிக்காற்று நம் வயல்களில் மேற்கிலிருந்து அடிக்கும் அதே மாதங்களில், விமானம் பறக்கும் உயரத்திலும் அதற்கு மேலும் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலத்த காற்று ஓடுகிறது. 1950-களில் இதை ஆராய்ந்து எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை துபாய் போகிற விமானத்துக்கு அது பின்காற்று. திரும்பி வரும்போது எதிர்காற்று.

இனி லண்டன். மதுரையிலிருந்து ஹீத்ரோ விமான நிலையத்துக்கு நேர்தூரம் சுமார் 8,360 கி.மீ. அந்த நேர்கோடு ஈரானுக்கு மேலாகப் போகிறது. துபாய் அதிலிருந்து அதிகம் விலகியில்லை. துபாயிலிருந்து ஹீத்ரோ 5,500 கி.மீ. இரண்டையும் கூட்டினால் 8,450. ஆக, சுற்று என்று பார்த்தால் 100 கி.மீ. கூட இல்லை. இரண்டு விமானத்திலும் சேர்த்து பதினொன்றரை மணி நேரம் போல உட்கார்ந்திருப்பீர்கள். உங்களைக் களைப்பாக்கப் போவது நடுவில் துபாயில் காத்திருக்கும் நேரம்தான். ஒரு மணி நேர இடைவெளி உள்ள டிக்கெட்டை எடுக்கவே வேண்டாம். முதல் விமானம் தாமதமானால் அடுத்தது போய்விடும். மூன்று, நாலு மணி நேரம் இருந்தால் நிதானமாக மாறலாம்.

விலை குறைகிறது என்று தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். துபாயில் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி போடவேண்டி வரும், அதற்கு அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். ஒரே டிக்கெட்டாக எடுத்து, மதுரை கவுண்டரில் பெட்டியில் ஒட்டும் சீட்டில் 'எல்எச்ஆர்' என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அது ஹீத்ரோவின் குறியீடு. முழங்கால் வலிக்கு வீல்சேர் வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே பதிந்துவிடுங்கள். துபாயில் ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்கு நடை நீளம்.