முதலில் ஸ்பீக்கர், பிறகு ரிசீவர்

1970களில் வந்த ஜப்பானிய ஸ்டீரியோ ரிசீவர்களுக்குத் தனி அழகு உண்டு. கனத்த அலுமினிய முகப்பு, நீல வெளிச்சம் பரவும் மரான்ட்ஸ் டயல், விரலுக்கு அடங்கி மெல்லச் சுழலும் வால்யூம் குமிழ். அந்த அழகில் மயங்கிப் பலர் ரிசீவரை வாங்கிவிட்டுப் பிறகுதான் அதற்கு ஸ்பீக்கர் தேடுகிறார்கள். வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் அறையைப் பார்த்து அதற்கேற்ற ஸ்பீக்கரை முடிவு செய்யுங்கள். அந்த ஸ்பீக்கருக்கு எது பொருந்தும் என்று பார்த்து ரிசீவரைக் கடைசியில் தேடுங்கள். காதில் விழும் ஒலியின் குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை ஸ்பீக்கரும் அறையும்தான். நல்ல நிலையில் உள்ள இரண்டு ரிசீவர்களுக்கு இடையே அவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியாது.

டெசிபலும் ஓமும்

எந்த ஸ்பீக்கராக இருந்தாலும் இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள். முதலாவது சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் மின்சாரம் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கிறது என்பதே அது. மூன்று டெசிபல் கூட்ட வேண்டுமானால் ஆம்ப்ளிஃபையரின் சக்தி இரண்டு மடங்காக வேண்டும். ஆக, 91 டெசிபல் ஸ்பீக்கரில் 20 வாட் செய்கிற வேலையை 85 டெசிபல் ஸ்பீக்கரில் செய்ய 80 வாட் தேவைப்படும். இந்தக் கணக்கு பிடிபட்டால் கடைக்காரர் சொல்லும் வாட்ஸ் எண்ணைக் கேட்டு மலைக்க மாட்டீர்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் 88 டெசிபலோ அதற்கு மேலோ உள்ள ஸ்பீக்கர் என்றால், நேர்மையான 20 முதல் 30 வாட் தாராளம். 1978இல் வந்த நாட் 3020 ஆம்ப்ளிஃபையருக்குச் சேனலுக்கு வெறும் 20 வாட்தான். உலகம் முழுக்க லட்சக்கணக்கான வீடுகளில் அது நிறைவாகப் பாடியது. 1976இன் பயனியர் எஸ்எக்ஸ்-1250இல் சேனலுக்கு 160 வாட். பெரிய கூடமும் சென்சிட்டிவிட்டி குறைந்த ஸ்பீக்கரும் இருந்தால் அது பயன்படும். அடுக்குமாடிக் குடியிருப்பின் படுக்கையறையில் அந்தச் சக்தி வெறுமனே தூங்கும். மின்சாரமும் இடமும்தான் வீண்.

இரண்டாவது எண் ஓம். பழைய ரிசீவர்களில் பெரும்பாலானவை 8 ஓம் ஸ்பீக்கரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அதே வோல்டேஜில் 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் சுடும், நாளடைவில் எரியும். இன்றைய புதிய ஸ்பீக்கர்கள் பல 4 ஓம்தான். 8 என்று அச்சிட்டவற்றிலும் சில ஸ்வரங்களில் 4க்கும் கீழே இறங்குபவை உண்டு. பழையவற்றிலும் எச்சரிக்கை தேவை: புகழ்பெற்ற ஏஆர்-3ஏ ஒரு 4 ஓம் ஸ்பீக்கர். மாறாக, பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏயின் ஆரம்பகால ஜோடிகள் 15 ஓம். ஆம்ப்ளிஃபையருக்கு அவற்றால் பளு இல்லை. ஆனால் 8 ஓமில் கிடைக்கும் சக்தியில் ஏறத்தாழப் பாதிதான் கிடைக்கும். ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியும் 83 டெசிபலை ஒட்டியதுதான் என்பதால் சின்ன அறையில், மிதமான ஒலியில் கேட்பவர்களுக்கே அது பொருந்தும்.

ரிசீவரின் பின்பக்கத்தில் ஸ்பீக்கர் முனைகளுக்கு அருகே குறைந்தபட்ச ஓம் எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் வாங்க வேண்டாம். ஏ, பி என இரண்டு ஜோடி ஸ்பீக்கர் மாட்டும் வசதியுள்ள பெரும்பாலான ரிசீவர்களில், இரண்டு 8 ஓம் ஜோடிகளையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் மொத்தம் 4 ஓமாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாட்ஸ் எண்ணை நம்புவதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. ஆரம்பத்தில் கம்பெனிகள் மியூசிக் பவர், பீக் பவர் என்று வாய்க்கு வந்த எண்ணை அச்சிட்டன. 1974இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் விதி கொண்டுவந்த பிறகு, இரண்டு சேனலும் ஒருசேர ஓடும்போது, இந்த ஓமில், இந்த அலைவரிசைக்குள், இவ்வளவு டிஸ்டார்ஷனோடு, தொடர்ந்து தரும் சக்தி இவ்வளவு என்று எழுத வேண்டியதாயிற்று. இப்படி முழு வாக்கியமாக எழுதிய எண்ணை நம்பலாம். நம் ஊரில் 1990களில் கேசட் செட்டுகளின் நெற்றியில் ஒட்டியிருந்த பிஎம்பிஓ எண்களை மறந்துவிடுங்கள்.

ஸ்பீக்கரைச் சோதிக்கும் முறை

முன்பக்கத் துணி கிரில்லைக் கழற்றிப் பாருங்கள். ஊஃபர் கோனைச் சுற்றியுள்ள வளையம் ஃபோம் என்றால் விரலால் மெதுவாகத் தொடுங்கள். பதினைந்து இருபது ஆண்டுகளில் ஃபோம் உதிர்ந்து பொடியாகிவிடும். ஈரமும் வெயிலும் உள்ள நம் ஊரில் அதைவிடச் சீக்கிரமே. புதுவளையம் ஒட்டிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை. ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள். ரப்பரும் துணியும் நீண்ட நாள் உழைக்கும்.

பிறகு கோனின் இரு பக்கமும் விரல்களை வைத்து, சமமாக, மெல்ல உள்ளே அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் வாய்ஸ் காயில் கோளாறு. மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் அளந்தால், 8 ஓம் ஸ்பீக்கர் ஐந்தரையிலிருந்து ஏழு வரை காட்டும். இரண்டு பெட்டியும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். கடைசியாகப் பாட்டை ஓடவிட்டு ஒவ்வொரு ட்வீட்டர் அருகிலும் காதை வையுங்கள். ட்வீட்டர் செத்துப்போயிருந்தாலும் தூரத்திலிருந்து கேட்கும்போது ஒலி கொஞ்சம் மந்தமாக இருப்பதுபோல் மட்டுமே தோன்றும்.

மின்சாரம்

ரிசீவரைப் பற்றிய முதல் கேள்வி பிராண்டு அல்ல, வோல்டேஜ். ஜப்பானின் உள்நாட்டு மாடல்கள் 100 வோல்ட், அமெரிக்க மாடல்கள் 120 வோல்ட், நம் வீட்டில் 230. நேராகச் செருகினால் அந்த நொடியே முடிந்தது. ஏற்றுமதிக்கென்று செய்த சில செட்டுகளில் பின்பக்கம் வோல்டேஜ் தேர்வுக் குமிழ் இருக்கும். அது எந்த எண்ணில் நிற்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே பிளக்கைத் தொடுங்கள். குமிழ் இல்லையென்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். செட்டின் பின்பலகையில் எழுதிய வாட்ஸைப்போல் இரண்டு மடங்கு திறனுள்ளதாக, உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் தனித்தனிக் கம்பிச்சுற்றுகள் கொண்டதாகக் கேட்டு வாங்குங்கள்.

ஹெர்ட்ஸையும் பாருங்கள். ஜப்பானின் கிழக்குப் பகுதியில் 50, மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்பதால் அந்நாட்டு செட்டுகள் இரண்டையும் தாங்கும். 60 மட்டுமே குறிப்பிட்ட அமெரிக்க செட்டின் டிரான்ஸ்ஃபார்மர் இங்கே கூடுதலாகச் சுடலாம், முனகலாம். டர்ன்டேபிளில் விளைவு காதிலேயே தெரியும்: மின்சாரத்தின் ஹெர்ட்ஸை ஒட்டி ஓடும் பழைய பெல்ட் டிரைவ் மோட்டாரில் 33⅓ வேகம் ஏறத்தாழ 27.8 ஆக இறங்கி, பாடகர் குரல் கனத்து இழுக்கும். அதற்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி கிடைக்குமா என்று விசாரித்தபின் வாங்குங்கள்.

ரேடியோவுக்காக வாங்குகிறீர்களா? ஜப்பானின் உள்நாட்டு ரிசீவரில் எஃப்எம் 76இல் தொடங்கி 90இல் முடிந்துவிடும். சென்னையில் சூரியன் 93.5இலும் மிர்ச்சி 98.3இலும் இருக்கின்றன; இரண்டுமே வராது.

ரிசீவரைச் சோதிக்கும் முறை

மூடியைக் கழற்ற அனுமதி கேளுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். உள்ளே துரு, கருகிய வாடை, உப்பிய கெப்பாசிட்டர், காணாமல்போன ஸ்க்ரூ ஆகியவற்றைத் தேடுங்கள். கெப்பாசிட்டர் அடியில் பழுப்பேறிய பசை இருந்தால் அது காலப்போக்கில் பக்கத்துப் பாகங்களின் கால்களை அரித்துவிடும். சுரண்டி எடுக்க வேண்டிய வேலை உண்டு. கடற்கரை ஊர்களிலிருந்து வரும் செட்டின் அடித்தகட்டைக் கவிழ்த்தும் பாருங்கள்.

பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த செட்டை நேராக மெயினில் போடக் கூடாது. மெக்கானிக்கிடம் கொடுத்து, 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் வைத்துப் போடச் சொல்லுங்கள். பல்ப் ஒரு கணம் எரிந்து மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட்.

அதன்பிறகு, ஸ்பீக்கர் எதையும் மாட்டாமல், பேலன்ஸ் நடுவில், வால்யூம் சுழியத்தில் வைத்து செட்டை ஆன் செய்யுங்கள். சில விநாடிகளில் உள்ளே 'டிக்' என்று ரிலே விழும் சத்தம் வந்தால் ஸ்பீக்கரைக் காக்கும் சர்க்யூட் வேலை செய்கிறது. மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு சேனலின் ஸ்பீக்கர் முனையிலும் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் என்றால் நல்லது. 100ஐத் தாண்டினால் சர்வீஸ் தேவை. முழு வோல்ட் கணக்கில் காட்டினால் எந்த ஸ்பீக்கரையும் அதில் மாட்டாதீர்கள். ஊஃபரின் காயில் கருகிவிடும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பழைய செட் வாங்குகிறவர் கையில் மல்டிமீட்டர் இல்லாமல் போகவே கூடாது என்பேன்.

குமிழ்களைச் சுழற்றும்போது வரும் கரகரப்புக்குப் பயப்பட வேண்டாம். கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பலமுறை சுழற்றினால் பெரும்பாலும் போய்விடும். ஒரு சேனல் விட்டுவிட்டு வருவதும் பல நேரம் சுவிட்சில் படிந்த அழுக்குதான். 'சத்தமே வரவில்லை, பார்ட்ஸுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்' என்று குறைந்த விலைக்குத் தரும் செட்டுகளில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முகப்பில் டேப் மானிட்டர் பொத்தான் அழுந்தியிருக்கிறதா? பின்னால் ப்ரீ அவுட், மெயின் இன் துளைகளை இணைக்கும் ப வடிவக் கம்பிகள் தொலைந்திருக்கின்றனவா? இரண்டில் எது இருந்தாலும் நல்ல செட்டும் ஊமையாகத்தான் இருக்கும்.

எஸ்டிகே வகைப் பவர் ஐசி உள்ள செட் என்றால் கூடுதல் கவனம். அவை எரிந்துபோனால் அசல் கிடைப்பது அரிது, போலிகள் ஏராளம். தனித்தனி டிரான்சிஸ்டர்களால் ஆன செட்டைப் பழுதுபார்ப்பது எளிது. எந்த செட்டானாலும் விலையில் கால்பங்கையாவது சர்வீசுக்கென்று ஒதுக்கிவிட்டுப் பேரம் பேசுங்கள்.

இணைக்கும்போது

சிடி பிளேயர், ஃபோன், ப்ளூடூத் ரிசீவர் எல்லாம் ஆக்ஸ் துளைக்கே போக வேண்டும். ஃபோனோ என்று எழுதிய துளை டர்ன்டேபிளுக்கு மட்டும். அது மிகச் சன்னமான சிக்னலைப் பல மடங்கு பெருக்கும். ஆக்ஸிலும் ஒன்று கவனியுங்கள். அந்தக் கால ரிசீவர்கள் 150 மில்லிவோல்ட் அளவிலான சிக்னலை எதிர்பார்த்தவை. சிடி பிளேயர் இரண்டு வோல்ட் வரை தரும். அதனால் குமிழைக் கால்வாசி திருப்புவதற்குள் வீடு அதிரும்.

சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப்போனால் பாஸ் மெலிந்து, குரல் நடுவில் நிற்காமல் சிதறும். ஸ்பீக்கரை அலமாரியின் உச்சியில் ஏற்றாதீர்கள். உட்கார்ந்த நிலையில் காது இருக்கும் உயரத்தில் ட்வீட்டர் இருக்கட்டும். மூலையில் தள்ளினால் பாஸ் குமுறும். டைல்ஸ் தரையும் சிமென்ட் சுவரும் உள்ள நம் அறைகளில் ஒரு ஜமக்காளமும் கனத்த திரைச்சீலையும் செய்கிற நன்மையை எந்த விலையுயர்ந்த வயரும் செய்யாது.

முதல் நாள் மெல்லிய ஒலியில் அரைமணி நேரம் ஓடவிட்டு, மேல்மூடியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்தி மெக்கானிக்கிடம் பயாஸ் சரிபார்க்கக் கொடுங்கள். மேலே டர்ன்டேபிளோ துணி உறையோ போட்டு மூடாமல், நான்கு விரல் அளவாவது காற்றுப் போக இடம் விடுங்கள்.