மலிவு பிட்டா, மலிவு வேலையா?
எம்.டி.எஃப். பலகைக்கு ரவுட்டர் பிட் வாங்கும் கணக்கு

கல்வராயன் மலையிலிருந்து புளி இறங்கும்போது மூட்டையின் விலையை மட்டுமா பார்க்கிறோம்? கொட்டையும் கோதும் போக எவ்வளவு சதை தேறும் என்று பார்த்த பிறகுதான் விலை பேசுகிறோம். ஹார்டுவேர் வியாபாரத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

எம்.டி.எஃப். பலகையை அறுத்துப் பூ வேலை செய்யும் மெஷின்கள் இப்போது சிற்றூர்களுக்கும் வந்துவிட்டன. நம் கடை ரேக்குகளும் பூஜை அலமாரிக் கதவுகளும் அதில்தான் தயாராகின்றன. அதற்கு ரவுட்டர் பிட் விற்கும் உறுப்பினர்கள் கேட்கும் புகார் ஒன்றே: "நேற்று வாங்கிய பிட், இன்று மழுங்கிவிட்டது." குறை சரக்கில் மட்டும்தானா?

ஏன் மழுங்குகிறது?

எம்.டி.எஃப். என்பது மர நாரைப் பசையோடு சேர்த்துச் சூட்டில் அழுத்திய பலகை. இறுகிப்போன அந்தப் பசை, பிட்டின் முனையை உப்புத்தாள் போலத் தேய்க்கும். சாதாரண எஃகு பிட் (ஹெச்.எஸ்.எஸ்.) இதற்குத் தாங்காது, கார்பைட் பிட்டே ஏற்றது. பலகையின் நடுவைவிட மேல், கீழ் முகங்கள் கெட்டியானவை. ஆகவே பிட்டில் அந்த இரண்டு இடங்களே முதலில் தேயும். பிட்டின் வெட்டும் நீளம் இடம் கொடுத்தால், ஆழத்தைச் சற்று மாற்றித் தேயாத முனையையும் பயன்படுத்தலாம்.

மெதுவாக ஓட்டினால் ஆயுள் கூடுமா?

கூடாது. நிமிடத்துக்கு 18,000 சுற்று, இரண்டு வெட்டு முனை, மெஷின் நகர்வு நிமிடத்துக்கு 1,800 மி.மீ. என்று கொள்வோம். ஒரு முனை ஒரு தடவைக்கு 0.05 மி.மீ. மட்டுமே எடுக்கும். அது வெட்டு அல்ல, உரசல். சூடேறி முனை போய்விடும். நகர்வைக் கூட்ட மெஷினுக்குத் திராணி இல்லையென்றால் சுற்றைக் குறைக்க வேண்டும். மாவாக அல்லாமல் சிறு துகளாக விழுந்தால் ஓட்டம் சரி. தூசியை உறிஞ்சி எடுக்காவிட்டால் வெட்டியதையே பிட் மறுபடி அரைக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்கும் கெடுதல், முகமூடி அவசியம்.

அடக்க விலை

கணக்கு விளங்க ஓர் எடுத்துக்காட்டு. 200 ரூபாய் பிட் 400 அடி வெட்டுகிறது. 800 ரூபாய் பிட் 4,000 அடி வெட்டுகிறது. முன்னதில் அடிக்கு 50 காசு, பின்னதில் 20 காசு. 4,000 அடிக்கு மலிவு பிட் பத்து வேண்டும். அதாவது 2,000 ரூபாய். பத்துத் தடவை மெஷினை நிறுத்துவதும், கடைசி அடிகளில் ஓரம் பிசிறடித்துக் கெடும் பலகையும் தனி நஷ்டம். இத்தனை நாள் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. பலகைக்குப் பலகை, மெஷினுக்கு மெஷின் மாறும். ஆகவே எத்தனை அடி வெட்டியது என்று பட்டறைக்காரரை ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். அடுத்த கொள்முதலுக்கு நமக்கும் அதுவே வழிகாட்டி.

விற்கும்போது கேட்க வேண்டியவை

1. வெட்டப்போவது எம்.டி.எஃப்.பா, பிளைவுட்டா, மரமா? கனம் எவ்வளவு?

2. பிட்டின் தண்டு 6 மி.மீ.யா, கால் இஞ்சா? கால் இஞ்ச் என்பது 6.35 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மாற்றிக் கொடுத்தால் பிடிக்காமல் நழுவும். இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

3. பிட்டைப் பிடிக்கும் காலெட் மாற்றி எத்தனை நாளாயிற்று? அது தேய்ந்திருந்தால் பிட் ஆடும். ஒரே முனை முழுப் பாரத்தையும் சுமந்து சீக்கிரம் போகும்.

4. திருப்பிக் கொண்டுவந்த பிட்டில் பசை படிந்திருக்கிறதா? படிந்தால் மழுங்கியது போலத் தெரியும். துடைத்துப் பார்த்த பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஓரத்தில் நார் எழும்புவது, கருகல், சத்தம் மாறுவது ஆகியவை பிட்டை மாற்ற வேண்டிய அறிகுறிகள்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச் சிற்பம், மரத்தில் உளி பிடித்துச் செய்யும் கைவேலை. எம்.டி.எஃப். வேலைக்கு அந்தப் பெயரை ஒட்டி விற்கலாகாது. பில்லில் உள்ளதை உள்ளபடி எழுதுவோம். ஊர்ப் பெயரும் நம் சரக்குதான்; அது மழுங்கினால் சாணை பிடிக்க இயலாது.