தர்மத்துக்கும் ஒரு கணக்குக் கொப்பி வேண்டும்
சேவைக் கழகங்களிடமிருந்து வர்த்தகர்கள் கற்க வேண்டிய பாடம்



காத்தான்குடியோ, ஏறாவூரோ, ஓட்டமாவடியோ, எங்கே கடை வைத்திருந்தாலும் நம் எல்லோருக்கும் பழக்கமான விடயம் இது. காலையில் கடை திறந்து முதல் வியாபாரம் நடப்பதற்குள் ஒருவர் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் வந்து நிற்பார். பாடசாலைக்கு ஒரு மண்டபம், வெள்ளத்தில் பாதிக்கப்பட்டோருக்கு உலருணவு, நோயாளி ஒருவரின் கொழும்புச் செலவு என்று ஏதாவது ஒரு தேவையைச் சொல்வார். லாச்சியைத் திறந்து கையில் வந்ததைக் கொடுத்து அனுப்பிவிடுவோம்.

ஒரு மூடை அரிசி வந்து இறங்கினால் நிறுத்துப் பார்க்காமல் எடுக்காதவர்கள் நாம். ஆனால் தர்மமாகக் கொடுத்த காசு எங்கே போனது, என்ன ஆனது என்று கேட்பதில்லை. கேட்டால் நன்மை குறைந்துவிடுமோ என்ற தயக்கம் ஒன்று. நமக்கென்ன, நிய்யத்து நல்லது என்ற எண்ணம் இன்னொன்று. நிய்யத்து நல்லதுதான். ஆனால் அந்தக் காசு ஏழையின் கைக்குப் போய்ச் சேராவிட்டால் இழப்பு நமக்கல்ல, அந்த ஏழைக்கே. ஆகவே தர்மத்தைக் கணக்கோடு செய்வது எப்படி என்பதை இந்த வாரம் பார்ப்போம். பாடத்துக்கு உதாரணமாக றோட்டரி, லயன்ஸ் ஆகிய சேவைக் கழகங்களை எடுத்துக்கொள்வோம்.

வர்த்தகர்கள் தொடங்கியவை

இந்தக் கழகங்களைப் பெரிய உத்தியோகத்தர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் நினைக்கின்றனர். அது சரியல்ல. 1905 பெப்ரவரி 23ஆம் திகதி அமெரிக்காவின் சிக்காகோ நகரில் முதலாவது றோட்டரிக் கூட்டத்தைக் கூட்டியவர் போல் ஹரிஸ் என்ற சட்டத்தரணி. அவரோடு உட்கார்ந்த மூவரில் ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியியலாளர், மற்றவர் தையல் வியாபாரி. 1917இல் லயன்ஸ் இயக்கத்துக்கு வித்திட்ட மெல்வின் ஜோன்ஸும் அதே நகரில் காப்புறுதித் தொழில் செய்தவர்.

தொடக்கத்தில் இவர்கள் கூடியது தொழில் நட்புக்காகத்தான். ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்து வாங்கினார்கள். பின்னர்தான் ஊருக்கு என்ன செய்தோம் என்ற கேள்வி எழுந்தது. சிக்காகோ றோட்டரிக் கழகம் 1907இல் கையிலெடுத்த முதல் பொது வேலை, நகர மண்டபத்துக்கு அருகே பொது மலசலகூடம் அமைக்கும் முயற்சி. பெயர்ப்பலகை போட்டுப் பெருமைப்படக்கூடிய வேலை அல்ல. ஆனால் சந்தைக்கு வரும் சனத்துக்குத் தேவையான வேலை. முதலில் தேவையைப் பார், பிறகு பெயரைப் பார் என்பதே இதில் நமக்குள்ள முதற்பாடம்.

கொழும்பில் 1929இலேயே றோட்டரிக் கழகம் தொடங்கிவிட்டது. பின்னர் மட்டக்களப்பு நகரிலும் றோட்டரி, லயன்ஸ் கழகங்கள் அமைந்தன. பாடசாலைகளுக்கு உதவி, கண் பரிசோதனை முகாம், வெள்ள நிவாரணம் போன்றவையே இவ்வாறான கழகங்கள் வழமையாகச் செய்யும் வேலைகள்.

இரண்டு பெட்டி முறை

லயன்ஸ் கழகங்களின் விதிகளில் நமக்கு மிகவும் பயன்படக்கூடியது கணக்கு முறைதான். ஒரு கழகத்துக்கு இரண்டு கணக்குகள் இருக்க வேண்டும். அங்கத்தவர் சந்தா ஒரு கணக்கில் சேரும். தேநீர்ச் செலவு, மண்டப வாடகை, கடிதச் செலவு எல்லாம் அதிலிருந்து போகும். பொதுமக்களிடம் திரட்டிய பணம் மற்றக் கணக்கில் சேரும். அதிலிருந்து நிர்வாகச் செலவுக்கு எடுக்கக் கூடாது. அது மக்களிடமே திரும்பிப் போக வேண்டும்.

கடையில் வாடிக்கையாளர் நம்பி ஒப்படைத்த அமானிதப் பொருளை நம் சரக்கோடு கலந்து விற்போமா? மாட்டோம். அதே ஒழுங்குதான் இது. நம் ஊர்ச் சங்கங்கள் பலவற்றில் பிரச்சினை திருட்டினால் வருவதில்லை, கலப்பினால் வருகிறது. கட்டிட நிதியை அவசரத்துக்கு எடுத்து, பிறகு போடுவோம் என்று மறந்து, ஈற்றில் யாருக்கும் கணக்குத் தெரியாமல் நல்ல மனிதர்கள் பழி சுமக்கின்றனர்.

இங்கே இன்னொரு விடயத்தையும் சொல்ல வேண்டும். ஸகாத் நிதிக்குப் பெறுநர் யார் என்பது மார்க்கத்தில் எட்டுப் பிரிவாக வரையறுக்கப்பட்டுள்ளது. பொதுச் சேவை நிதி அப்படியல்ல. எனவே இரண்டையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். பொதுத் திட்டங்களுக்கு ஸதகா, நன்கொடை என்ற வகையில் கொடுங்கள். ஐயம் இருந்தால் உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

சுனாமி கற்பித்தது

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி நம் கரையைத் தாக்கிய பின்னர் உதவி வராத நாடில்லை. அது பெரிய ரஹ்மத். ஆனால் கணக்கில்லாத உதவி என்ன செய்யும் என்பதையும் அப்போது கண்டோம். இலங்கைக் கரையோரத்தில் படகு கொடுக்க முன்வந்த நிறுவனங்கள் அநேகம். படம் எடுக்கவும் படகு நல்ல பொருள். விளைவு, சில இடங்களில் இழந்ததைவிடக் கூடுதலான படகுகள் வந்தன. சில படகுகள் கடலில் இறக்க முடியாத தரத்தில் இருந்தன. அதே நேரத்தில் வலை, இயந்திரம், ஐஸ், குளிரூட்டி இவற்றுக்குத் தட்டுப்பாடு. படகு இருந்தும் தொழில் இல்லாதவர்கள் இருந்தார்கள்.

வியாபாரி எவரும் சந்தையில் தேங்கிக் கிடக்கும் சரக்கை மேலும் கொள்முதல் செய்யமாட்டார். உதவியிலும் அதே விதிதான். இலங்கை றோட்டரி அமைப்பு சுனாமிக்குப் பின்னர் அழிந்த பாடசாலைகளை மீளக் கட்டும் திட்டத்தை எடுத்தது. பாடசாலை கட்டுவதற்குக் காணி, கல்வித் திணைக்களத்தின் அனுமதி, ஆசிரியர் எல்லாம் தேவை. வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் கட்டி முடித்தால் ஒரு தலைமுறை படிக்கும்.

றோட்டரியின் சர்வதேச நிதியிலிருந்து பெரிய மானியம் பெற வேண்டுமானால் இன்று சில நிபந்தனைகள் உண்டு. உள்ளூர்க் கழகம் ஒன்றும் வெளிநாட்டுக் கழகம் ஒன்றும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். திட்டச் செலவு ஆகக் குறைந்தது 30,000 அமெரிக்க டொலராக இருக்க வேண்டும். பயனடையும் மக்களிடம் முன்கூட்டியே தேவையைக் கேட்டறிந்திருக்க வேண்டும். மானியம் முடிந்த பிறகு திட்டத்தை யார் நடத்துவார் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த நிதியமும் சிறிதாகத் தொடங்கியதுதான். 1918இல் கன்சாஸ் நகரக் கழகம் கொடுத்த முதல் நன்கொடை வெறும் 26 டொலர் 50 சதம்.

மூக்குக்கண்ணாடியின் இலாபம்

எல்லாத் திட்டமும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 1925இல் பார்வையற்ற எழுத்தாளர் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டில் வேண்டுகோள் விடுத்த நாள் தொட்டு அவர்கள் கண் பராமரிப்பைத் தமது முக்கிய பணியாக வைத்துள்ளனர். இதை வியாபாரக் கண்ணோடு பாருங்கள். நாற்பது வயதைத் தாண்டியவருக்குக் கிட்டப் பார்க்கும் பார்வை மங்குவது இயல்பு. தையற்காரர் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் தடுமாறுவார். மருதமுனையில் கைத்தறி நெய்பவர் அறுந்த இழையைக் காணமாட்டார். வாவியில் தொழில் செய்பவர் வலை பொத்த முடியாமல் மகனை எதிர்பார்ப்பார். மலிவான ஒரு மூக்குக்கண்ணாடி இவர்களுக்கு மேலும் பல வருட உழைப்பைத் திருப்பிக் கொடுக்கும்.

ஆனால் முகாம் நடத்திப் பெயர் எழுதி அனுப்பிவிட்டால் போதாது. கண்புரைச் சத்திரசிகிச்சை தேவைப்படுபவரை வைத்தியசாலைக்கு யார் கூட்டிப்போவது, கண்ணுக்கு விடும் மருந்தை யார் வாங்கிக் கொடுப்பது, மீள்பரிசோதனைக்கு அவர் போனாரா என்பதை யார் பார்ப்பது? இவற்றுக்கும் பணமும் ஆளும் ஒதுக்கியிருந்தால்தான் அது திட்டம். இல்லாவிட்டால் அது வெறும் வைபவம்.

குறையும் உண்டு

கழகங்களில் குறையில்லை என்று நான் சொல்லவரவில்லை. றோட்டரியில் ஒவ்வொரு வருடமும் ஜூலை முதலாம் திகதி புதிய தலைவர் பதவியேற்பார். ஒருவரே பதவியில் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது என்பது இதில் நன்மை. தீமை என்னவென்றால், ஒவ்வொரு தலைவரும் தன் பெயரில் புதிதாக ஒன்றைத் தொடங்க விரும்புவார். பழையவர் தொடங்கியதைத் தொடர ஆளிருக்காது. குழாயில் நீர் வராத தண்ணீர்த் தாங்கிகள் மீது அழகான பெயர்ப்பலகை மாத்திரம் மிஞ்சும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். பாடசாலை ஒன்றுக்குக் குடிநீர் வடிகட்டி பூட்ட 200,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். வடிகட்டித் துணைப்பாகம் மாற்ற வருடத்துக்கு 30,000 ரூபா. ஐந்து வருடத்துக்கு 150,000 ரூபா. ஆகவே திட்டத்தின் உண்மை விலை 350,000 ரூபா. கையில் 200,000 மாத்திரம் இருந்தால் அந்த வடிகட்டி ஒரு வருடத்தில் பழுதாகிவிடும். சிறிய வடிகட்டியைப் பூட்டி, பராமரிப்புப் பணத்தைத் தனியே வங்கியில் போடுவதே புத்தி. லொறி வாங்கும்போது டயர் செலவையும் கணக்குப் பார்க்கும் நமக்கு இது புதிய பாடமல்ல.

ஒரே மேசையில் உட்காருதல்

நம் பிரதேசத்துக்கு இந்தக் கழகங்களால் கிடைக்கக்கூடிய இன்னொரு நன்மை உண்டு. வாவியைச் சுற்றித் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து இருக்கின்றன. நெல் அவர்களிடம், ஆலை நம்மிடம். மீன் அவர்களிடம், லொறி நம்மிடம். மறுபக்கமாகவும் அப்படியே. 1990இல் ஓடிய இரத்தம் இந்தத் தொடர்பை அறுத்தது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களில் நடந்த குண்டுத்தாக்குதலின் பின்னர், அதில் எந்தத் தொடர்பும் இல்லாத நம் கடைகளுக்கும் வாடிக்கையாளர் வரத் தயங்கினர். நம்பிக்கை போனால் வியாபாரமும் போகும் என்பதை நாம் அனுபவித்தோம்.

யுத்த காலத்தில் 1995 முதல் நடந்த போலியோ சொட்டு மருந்து நாட்களுக்காக, யுனிசெப், றோட்டரி போன்ற அமைப்புகளின் முயற்சியால் துப்பாக்கிகள் மௌனமாகின. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி காணப்பட்டது 1993இல். 2014இல் நம் பிராந்தியமே போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. பிள்ளையின் கால் நலமாக இருக்க வேண்டும் என்பதில் இரு தரப்பும் உடன்பட முடிந்தது.

1932இல் ஹேர்பர்ட் டெய்லர் என்ற அமெரிக்கர், கடனில் மூழ்கிய அலுமினியப் பாத்திரக் கம்பனி ஒன்றைப் பொறுப்பேற்றார். உண்மையா, எல்லோருக்கும் நியாயமா, நல்லெண்ணம் வளர்க்குமா, எல்லோருக்கும் நன்மையா என்று நான்கு கேள்விகளை வகுத்து, வேறு வேறு சமயப் பிரிவுகளைச் சேர்ந்த தன் நான்கு பிரிவுத் தலைவர்களிடம், உங்கள் நம்பிக்கைக்கு இது முரணா என்று கேட்டார். எவரும் முரண் என்று சொல்லவில்லை. விளம்பரங்களில் ‘மிகச் சிறந்தது’ போன்ற சொற்களை நீக்கினார். சில வருடங்களில் கம்பனி கடனை அடைத்தது. 1943இல் றோட்டரி அந்தக் கேள்விகளைத் தனதாக்கிக்கொண்டது. அளவையிலும் நிறுவையிலும் நேர்மையைக் கடமையாகக் கொண்ட நமக்கு அவை அந்நியமானவை அல்ல.

இந்த வாரப் பயிற்சி

நீங்கள் கழகத்தில் சேருங்கள் என்பதல்ல என் வேண்டுகோள். பள்ளிவாயல் நிர்வாகமாயினும், வர்த்தக சங்கமாயினும், விளையாட்டுக் கழகமாயினும் அடுத்த முறை பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் வருபவரை உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, மரியாதையாக இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. இந்தத் தேவையைச் சொன்னவர் யார்? பயன்பெறுபவரிடம் கேட்டீர்களா?
2. சங்கம் பதிவு செய்யப்பட்டதா? இந்த நிதிக்குத் தனிக் கணக்கு உண்டா?
3. மூன்று விலைமனு எடுத்தீர்களா? அங்கத்தவரின் கடையில் வாங்குவதானால் அதைப் பகிரங்கமாகச் சொன்னீர்களா?
4. முடித்த பிறகு பராமரிப்பு யார் பொறுப்பு? பணம் எங்கே?
5. கணக்கு எப்போது, எங்கே பார்வைக்கு வைக்கப்படும்?

நேர்மையானவர் இந்தக் கேள்விகளால் மனம் நோகமாட்டார். அவருக்கு இவை பாதுகாப்பு. பிறகு உங்கள் கடைக் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதி, தொகை, நோக்கம் மூன்றையும் குறித்து வையுங்கள். ஆறு மாதம் சென்று ஒரு நாள் அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீர் வந்தால் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி அடுத்த உதவிக்குத் தயாராகுங்கள். வராவிட்டால், கொடுத்தவர் என்ற முறையில் கேட்க வேண்டிய கடமை உங்களுக்கு உண்டு.