களிற்றை அறியும் வகை

மும்பை பைகுல்லாவில், விலங்குக்காட்சிச் சாலையை ஒட்டிய அருங்காட்சியகத்தின் அருகே கல்யானை ஒன்று நிற்கிறது. எலிபண்டா தீவுக்கு அப்பெயர் வரக் காரணமானது இதுவே. 1864-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேற்ற முயன்றபோது உடைந்து, 1914-இல் மீண்டும் பொருத்தப்பெற்றது. தாராவி, மாதுங்கா, செம்பூர்ப் பள்ளிகளிலிருந்து மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியரிடம், யானையில் ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவது எவ்வாறு என்று ஒரு மாணவன் வினவக்கூடும். கொம்பிருந்தால் ஆண், இல்லையேல் பெண் என்பதே பலரும் கூறும் விடை. ஆசிய யானைக்கு அதன் முற்பாதி பெரும்பாலும் பொருந்தும், பிற்பாதி பிழை. இலங்கையில் ஆண் யானைகளுள் கொம்புடையவை நூற்றுக்குப் பத்துக்கும் குறைவே.

காளையையும் கடாவையும் விரைப்பையைக் கண்டு அறிகிறோம். யானைக்கு விரைப்பையே இல்லை. பாலூட்டிகளின் கருவில் விந்தகங்கள் சிறுநீரகங்களின் அருகே தோன்றுகின்றன. பெரும்பாலானவற்றில் பின்னர் கீழிறங்கிப் பையை அடைகின்றன. யானையிலோ அவை தோன்றிய இடத்திலேயே, வயிற்றறைக்குள், வாழ்நாள் முழுதும் தங்கிவிடுகின்றன. ஆகவே களிற்றைக் காளையைப் போல எளிதில் காயடிக்க இயலாது. வயிற்றைத் திறந்தாக வேண்டும். யானைக்கு உறவான கடற்பசுவுக்கும் (பாக் நீரிணை மீனவர் ஆவுளியா என்பர்) விந்தகங்கள் உள்ளேதான் உள்ளன.

காளையின் விந்தகம் உடலைவிடச் சில பாகை குளிர்ந்திருந்தாலன்றி விந்தணுக்கள் செவ்வனே உருவாவதில்லை. யானையில் அவை ஏறத்தாழ 36 பாகை வெப்பத்திலேயே உருவாகின்றன. பழுதுற்ற உயிரணுக்களைக் களையும் மரபணு ஒன்று மனிதனிடம் ஒரு படியாகவும், யானையிடம் ஏறத்தாழ 20 படிகளாகவும் உள்ளது. விந்தணுக்களை வெப்பத்தின் கேட்டினின்று காப்பதற்கே அது பெருகியிருக்கலாம் என்று 2023-இல் ஒரு கருத்து வெளியாயிற்று, இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை.

பிடியின் பிறப்புறுப்பு, பசுவினதைப் போல வாலின் கீழ் திறவாமல், பின்கால்களுக்கு முன்னே அடிவயிற்றில் கீழ்நோக்கித் திறக்கிறது. களிற்றின் குறி ஏறத்தாழ ஒரு மீட்டர் நீண்டு, இருமுறை வளைந்து, தன் தசைகளாலேயே அசைந்து அவ்வாயிலை நாடுவது இதனாலேயே. மற்ற வேளைகளில் அது உறைக்குள் மறைந்திருக்கும். பிடியின் அடிவயிற்றில் தொங்கும் தோல்மடிப்பைக் கண்டு அதனைக் களிறென எண்ணுவாரும் உளர்.

இதனினும் கேடு விளைப்பது கொம்பில்லா ஆணை, அதாவது மோழை அல்லது மக்னாவை, பிடியெனக் கொள்வது. கணக்கெடுப்பில் ஆண்களின் எண்ணிக்கை குறைவதோடு, அணுகுவோர் உயிருக்கும் இடர் நேரும். மோழைக்கும் மதம் உண்டு. அப்போது விந்தகங்கள் சுரக்கும் ஆண் இயக்குநீர் பன்மடங்கு பெருகும். கவுளில் மதநீர் வழியும். சிறுநீர் சொட்டிப் பின்கால்களின் உட்புறம் நனைந்திருக்கும். 2023 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தில் பிடித்து ஆனைமலைக் காட்டில் விடப்பெற்ற மோழை ஒன்று, சின்னாட்களிலேயே கோயம்புத்தூர்ப் புறநகர் வரை நடந்து வந்துவிட்டது.

வளர்ந்த மோழையின் துதிக்கை அடியில் பருத்து, நெற்றிக்குக் கீழே புடைத்திருக்கும். ஈன்ற பிடிக்கு முன்கால்களின் இடையே முலைகள் தெரியும். இவ்விரண்டும் புலப்படாத தொலைவில் கொம்பில்லா யானை தனித்து நின்றால், அதனை ஆணெனவே கொண்டு விலகுதல் நன்று. பதிவேட்டில் ‘பால் அறியப்படவில்லை’ என்று எழுதுவதில் இழுக்கொன்றும் இல்லை.