சாவியும் பூட்டும்

கொல்கத்தாவில் டாக்குரியா என்ற பகுதி உண்டு. அதன் அருகே ஒரு பெரிய ஏரி இருக்கிறது. முன்பு அதை டாக்குரியா ஏரி என்றார்கள். இப்போது அதன் பெயர் ரவீந்திர சரோவர். ஏரியை ஒட்டி சதர்ன் அவென்யூ என்ற சாலை செல்கிறது. அங்கே ஒரு சிறிய வீட்டில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் வாழ்ந்தார்.

ஒரு பெண்ணுக்குக் குழந்தை இல்லை. கருக்குழாய் கெட்டிருந்தது. கருமுட்டையை வெளியே எடுத்து, கணவரின் விந்தோடு சேர்த்துக் கருவாக்க டாக்டர் நினைத்தார். மாதத்துக்குப் பொதுவாக ஒரு முட்டைதான் முதிரும். பல முட்டைகள் கிடைத்தால் நல்லது. அதற்காக ஹார்மோன் ஊசி போட்டார்.

ஹார்மோன் என்றால் என்ன? உடலுக்குள் செல்லும் செய்தி அது. சுரப்பிகள் அதைச் சுரக்கின்றன. இரத்தம் எடுத்துச் செல்கிறது.

ஊசி மருந்தும் இரத்தத்தில் கலந்தது. கைக்கும் போனது, காலுக்கும் போனது. ஆனால் சினைப்பையில்தான் முட்டைகள் வளர்ந்தன. ஏன்?

நம் உடல் கோடி கோடி செல்களால் ஆனது. செல் ஒரு சிறு வீடு போன்றது. அதன் கதவில் பூட்டுகள் உண்டு. இந்தப் பூட்டுக்கு ஏற்பி என்று பெயர். ஹார்மோன்தான் சாவி. உங்கள் வீட்டுச் சாவி அடுத்த வீட்டைத் திறக்குமா? திறக்காது. டாக்டர் கொடுத்த சாவிக்கு ஏற்ற பூட்டு, கருமுட்டையைச் சுற்றியுள்ள செல்களில் இருந்தது. அந்தச் சாவி செல்லுக்குள் போகவில்லை. வெளியே நின்றே பூட்டைத் திருப்பியது. உள்ளே செய்தி பரவியது. செல் வேலையைத் தொடங்கியது.

1978 அக்டோபர் 3 அன்று பெண் குழந்தை பிறந்தது. இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை அதுதான். அதே ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தில் உலகின் முதல் குழந்தை பிறந்திருந்தது. அந்தத் தாய்க்கு ஹார்மோன் ஊசி போடவில்லை. இன்று உலகெங்கும் ஊசி போடுவதே வழக்கம்.

ஆனால் அரசு அமைத்த குழு டாக்டரை நம்பவில்லை. அவர் மனம் உடைந்தார். 1981இல் இறந்தார்.

1986இல் மும்பையில் பிறந்த குழந்தையே முதல் குழந்தை என்று நாடு நினைத்தது. அந்தச் சாதனையைச் செய்தவர்களில் ஒருவர் விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமார். அவர் 1997இல் முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்தார். தமக்கு முன்பே அவர் செய்துவிட்டார் என்று ஊரறியச் சொன்னார்.

சர்க்கரை நோயும் இப்படித்தான். சிலருக்கு இன்சுலின் என்ற சாவி இல்லை. பலருக்குச் சாவி இருந்தும் பூட்டு சரியாகத் திரும்புவதில்லை.

குழந்தை இல்லாத பெண்ணை மலடி என்று பழிக்காதீர்கள். குறை கணவரிடமும் இருக்கலாம். இருவரும் டாக்டரிடம் போக வேண்டும். ஹார்மோன் மருந்தை நாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

பதில் சொல்லுங்கள்
1. ஹார்மோனை எது எடுத்துச் செல்கிறது?
2. ஏற்பி என்றால் என்ன?
3. ஆனந்தகுமார் செய்தது ஏன் பெரிய செயல்?