எதிர்காற்றும் சராசரி வேகமும்

காஷ்மீரிலிருந்து மிதிவண்டியில் வருவோர் தேசிய நெடுஞ்சாலை 44 வழியே கன்னியாகுமரியை அடைவதை எங்கள் மாவட்டப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். சராசரி வேகம் கற்பிக்க அத்தகைய பயணத்தையே எடுத்துக்கொண்டேன்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே கிழக்கு நோக்கி வீசும். முப்பந்தல் காற்றாலைகள் அங்கே நிற்பது அதனால்தான். கிழக்கே போகிறவரைக் காற்று தள்ளிவிடும், திரும்புகிறவரை மறிக்கும்.

"60 கி.மீ. தொலைவை மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் கடந்தவர், அதே சாலையில் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் திரும்பினால் சராசரி வேகம் என்ன?" என்று கேட்டேன். வகுப்பே "15" என்றது. மறுக்காமல், நேரத்தைக் கணக்கிடச் சொன்னேன். போக 3 மணி 20 நிமிடம், வர 5 மணி. 120 கி.மீ.க்கு 8 மணி 20 நிமிடம். அப்படியானால் சராசரி 14.4 கி.மீ. மெதுவான வேகத்தில்தான் அதிக நேரம் மிதிக்கிறார் என்பதைப் பிள்ளைகளே சொன்னார்கள். (சூத்திரத்தை முதலிலேயே கரும்பலகையில் எழுதியிருந்தால் இது கிடைத்திராது.)

0.6 தானே வித்தியாசம் என்றான் ஒருவன். 15 என நம்பி, மாலை 6.30க்குள் திரும்பிவிடலாமெனக் காலை 10.30க்குப் புறப்பட்டவர் 6.30க்கு எங்கே இருப்பார் என்று கேட்டேன். இன்னும் 20 நிமிடம்; எதிர்காற்றில் 4 கி.மீ. இருட்டில், லாரிகளுக்கு நடுவே.

"பின்விளக்கு உண்டா சார்?" என்றாள் ஒரு மாணவி.