ஜே. சி. டேனியல்

மாணவர்களே, நாம் நன்கறிந்த பட்டம் பகுதியில்தான் கேரளத்தின் முதல் படப்பிடிப்புக்கூடம் இருந்தது. நிலத்தை விற்று அதனை நிறுவியவர் ஜே. சி. டேனியல். 'விகதகுமாரன்' என்னும் பேசாப் படத்தை எழுதி, இயக்கி, அவரே நடித்தார். நாயகி பி. கே. ரோசி ஒடுக்கப்பட்ட சமூகத்தவர். அவர் நாயர் பெண்ணாகத் தோன்றியதைப் பொறாதோர் கேபிட்டல் திரையரங்கில் கல்லெறிந்தனர். ரோசி ஊரைவிட்டே போனார். பொருளிழந்த டேனியல் பல் மருத்துவரானார். முதுமையில் அகத்தீசுவரத்தில் வாழ்ந்தார். நலிந்த கலைஞர்க்கான உதவித்தொகை, தமிழ்நாட்டில் வாழ்பவர் என்பதனால் அவருக்கு மறுக்கப்பட்டது. (எவ்வூரார் என்னும் வினா நமக்கும் புதிதன்று.) 1975இல் மறைந்தார். கேரள அரசு 1992 முதல், மலையாளத் திரைக்கு வாழ்நாளெல்லாம் தொண்டாற்றியோர்க்கு வழங்கும் உயரிய விருதின் பெயர், ஜே. சி. டேனியல் விருது.